பெரிய எண்ணுக்குக் காரணி சொல்லும் கருவிகள்: ஆல்பெர்ட்ரான், பாரி ஜிபி, லினக்ஸ் ஃபேக்டர்

பெரிய எண்ணைக் கொடுத்தால் பகா காரணி, வகுத்திகளின் எண்ணிக்கை, ஆய்லர் ஃபை (அந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சின்ன எண்கள் எத்தனை என்பது) எல்லாம் சொல்கிறோம் என்று இணையத்தில் ஏகப்பட்ட கணிப்பான்கள் கடை விரித்திருக்கின்றன. உருப்படியானது எது என்று பார்க்க ஓர் எண் போதும்: 9007199254740993. சரியான விடை 3 × 107 × 28059810762433. அதற்குப் பதிலாக, 2-ஐ 53 முறை பெருக்கியது என்று விடை வந்தால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடலாம். உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த எண்ணைத் தட்டினால் ஒன்று காணாமல் போகும், உள்ளே 2-இன் 53-ஆம் அடுக்குதான் இருக்கும். கணிப்பான் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. நீங்கள் கேட்காத எண்ணுக்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த முதல் சல்லடையில் தப்பிப்பவற்றில், தினசரி வேலைக்கு மூன்றைப் பரிந்துரைக்கலாம். மூன்றும் இலவசம். ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல. (கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.)

முதலில் ஆல்பெர்ட்ரான். அர்ஜென்டினாவின் டாரியோ ஆல்பெர்ன் எழுதிய இணையக் கணிப்பான் இது. முதலில் ஜாவா ஆப்லெட்டாக இருந்தது, இப்போது வெப்அசெம்ப்ளியாக (உலாவிக்குள் வேகமாக ஓடும் நிரல் வடிவம்) உலாவியிலேயே ஓடுகிறது. கணக்கு நடப்பது உங்கள் கணினியில்தான், எண் எந்தச் சர்வருக்கும் போவதில்லை. பக்கம் திறந்த பிறகு இணையத்தைத் துண்டித்தாலும் வேலை நிற்காது. பெட்டியில் முழு எண்ணைத்தான் ஒட்ட வேண்டும் என்பதில்லை, கோவையாகவே தரலாம். அடுக்குக்கு ^, தொடர்பெருக்கத்துக்கு !, பகா எண்களை மட்டும் பெருக்குவதற்கு #. 23# என்று கொடுத்தால் 23 வரையிலான பகா எண்களின் பெருக்கற்பலன் 223092870 வரும். இதில் ஒரு பொறி உண்டு. 5!! என்று தட்டினால் 120-இன் தொடர்பெருக்கம் வராது, 5 × 3 × 1 = 15 வரும். இரட்டைக் குறி ஒன்றுவிட்டு ஒன்றைப் பெருக்கும். தொடர்பெருக்கத்தின் தொடர்பெருக்கம்தான் வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட்டு (5!)! என்று எழுதுங்கள்.

இதைச் சோதிக்க நல்ல எண் 2^67−1, அதாவது 147573952589676412927. இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் பட்டியல் போட்டார். இல்லை என்று 1876-இல் லூக்கா நிறுவினார், ஆனால் காரணிகள் அவர் கையில் சிக்கவில்லை. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டுபிடித்துச் சொன்ன விடை 193707721 × 761838257287. ஆல்பெர்ட்ரானில் ஃபேக்டர் பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் இது வந்துவிடும். கூடவே வருகிற விவரங்கள்தான் இந்தக் கருவியின் அருமை. வகுத்திகள் 4. வகுத்திகளின் கூடுதல் 147573953351708377936. ஆய்லர் ஃபை 147573951827644447920. மோபியஸ் மதிப்பு 1 (பகா காரணி எதுவும் திரும்ப வராத எண்ணில், காரணிகள் இரட்டைப்படையாக இருந்தால் 1, ஒற்றைப்படையாக இருந்தால் −1). அதோடு எண்ணை வர்க்கங்களின் கூடுதலாகவும் பிரித்துக் காட்டும். 2^67−1-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7 என்பதால் மூன்று வர்க்கங்களில் அடங்காது, நான்கு வர்க்கங்கள் வர வேண்டும். உங்கள் திரையில் நான்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

விடையை இன்னொரு கருவியில் போடாமலே சரிபார்க்க வழி இருக்கிறது. வெவ்வேறான இரண்டே பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்கும் எண்ணுக்கு, வகுத்திகளின் கூடுதலையும் ஆய்லர் ஃபையையும் கூட்டினால், எண்ணோடு ஒன்று சேர்த்து இரட்டித்ததாக இருக்க வேண்டும். இங்கே கூட்டிப் பாருங்கள்: 295147905179352825856. அச்சு அசலாக 2^68. இன்னொன்று, 67 பகா எண் என்பதால் 2^67−1-இன் பகா காரணி எதுவானாலும் 134-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்கும். 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580, மீதி இல்லை. ஒரு இலக்கம் தவறாகப் பிரதி எடுத்திருந்தால் இங்கேயே மாட்டும்.

இதே எண் அரைகுறைக் கருவிகளுக்கு நல்ல சோதனையும்கூட. சில பக்கங்கள் பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மா சோதனையை (அடிப்படை எண்ணுக்கு, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்ததை அடுக்காகப் போட்டு, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 2-ஐ மட்டும் அடிப்படையாக வைத்து ஓட்டிவிட்டு "பகா எண்" என்று முத்திரை குத்திவிடும். 2-இன் பகா அடுக்கிலிருந்து ஒன்று கழித்த எண் எதுவானாலும், அது பகு எண்ணாகவே இருந்தாலும், 2-ஐ அடிப்படையாகக் கொண்ட சோதனையில் தேறிவிடும். 2047 = 23 × 89 தேறும், 2^67−1-உம் தேறும். மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்த பகா எண்) தேடும் கூட்டுத்திட்டக்காரர்கள் 3-ஐ அடிப்படையாக எடுப்பது இதனால்தான். இன்னும் கடினமான சோதனை வேண்டுமென்றால் 3825123056546413051-ஐக் கொடுங்கள். 2, 3, 5 என்று தொடங்கி 23 வரை ஒன்பது பகா எண்களையும் அடிப்படையாக வைத்து மில்லர்-ராபின் (ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவம்) ஓட்டினாலும் இது பகா எண் போலவே நடிக்கும். உண்மையில் 149491 × 747451 × 34233211. ஆல்பெர்ட்ரான், பாரி, லினக்ஸ் ஃபேக்டர் மூன்றும் இதைச் சரியாக உடைக்கின்றன.

எவ்வளவு பெரிய எண் வரை தாங்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இலக்க எண்ணிக்கையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு ஃபெர்மா எண்களை (2-க்கு 2-இன் ஓர் அடுக்கையே அடுக்காகப் போட்டு ஒன்று கூட்டியவை) எடுத்துக்கொள்ளுங்கள். 2^128+1-க்கு 39 இலக்கம். காரணிகள் 59649589127497217, 5704689200685129054721. இதை 1970-இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர் பின்ன முறையில் உடைத்தார்கள். 2^256+1-க்கு 78 இலக்கம். அதன் சின்னக் காரணி 1238926361552897, மற்றது 62 இலக்கப் பகா எண். 1980-இல் பிரென்ட்டும் போலார்டும் கண்டுபிடித்தது. நீளத்தில் இரட்டிப்பு, ஆனால் சின்னக் காரணி 17 இலக்கத்திலிருந்து 16-ஆகக் குறைந்துவிட்டது.

தற்செயல் போன்ற எண்வரிசை ஒன்றில் ஓடிக் காரணியைப் பிடிக்கும் போலார்டின் ரோ முறைக்கு ஆகும் படிகள் சின்னக் காரணியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தவை. முதல் எண்ணுக்கு ஏறத்தாழ 24 கோடி, இரண்டாவதற்கு மூன்றரைக் கோடி. ஏழில் ஒரு பங்கு. பெரிய எண்ணுக்கு ஒவ்வொரு படியிலும் செய்யும் பெருக்கல் கனமானது என்பதால் லாபத்தில் ஒரு பகுதி அதில் கரைந்துபோகும், அது வேறு விஷயம். வளைவரைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் காரணிக்கு முயலும் எலிப்டிக் வளைவரை முறையும் இந்த ரகம்தான், அதற்கும் காரணியின் அளவே முக்கியம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தை வைத்துக் காரணி காணும் இருபடிச் சல்லடைக்கு மட்டும் காரணி சின்னதா பெரிதா என்ற கவலை இல்லை, மொத்த எண்ணின் நீளம்தான் கணக்கு.

ஆல்பெர்ட்ரான் முதலில் வளைவரைகளை ஓட்டுகிறது. மிச்சம் இருக்கும் எண் சல்லடைக்கு ஏற்ற நீளத்தில் இருந்தால் அதற்குத் தாவுகிறது. 40 இலக்கம் கடந்தவுடனே பயப்பட வேண்டாம். 60 இலக்கம் சாதாரண மடிக்கணினியில் காத்திருக்கத் தக்க நேரம்தான். 90-ஐத் தொட்டால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு மூன்று நான்கு இலக்கத்துக்கும் சல்லடை நேரம் இரட்டிப்பு போல ஏறிக்கொண்டே போகும். 100-க்கு மேல் போய், காரணிகள் இரண்டும் சமமாகப் பெரியவை என்றால் உலாவியை நம்பி உட்காராதீர்கள்.

திரையில் "கர்வ்" என்று எத்தனையாவது வளைவரை என்ற எண்ணும், ஒரு வளைவரையில் எவ்வளவு தூரம் தேடுவது என்ற எல்லை மதிப்பும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் கடிகாரம் அதுதான். வழக்கமான கணக்கு இது: 15 இலக்கக் காரணிக்கு எல்லை 2000 வைத்து 25 வளைவரை, 20 இலக்கத்துக்கு 11000 வைத்து 90, 25 இலக்கத்துக்கு 50000 வைத்து 300, 30 இலக்கத்துக்கு 250000 வைத்து 700, 35 இலக்கத்துக்கு 1000000 வைத்து 1800. அந்த எண்ணிக்கை முடிந்துவிட்டால் அந்த அளவுக் காரணி இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தும் தவறிப்போக 37 சதவீத வாய்ப்பு இன்னும் இருக்கிறது. அடுத்த நிலையையும் முழுதாக ஓட்டி முடித்தால்தான் முந்தைய அளவு பற்றி நிம்மதி.

2^512+1-ஐப் போட்டால் இந்தத் தேக்கத்தை நேரில் பார்க்கலாம். 2424833 உடனே விழும். மிச்சம் 148 இலக்கப் பகு எண் ஒன்று அப்படியே நிற்கும். அதன் காரணிகள் 49 இலக்கமும் 99 இலக்கமும். 1990-இல் அதை உடைக்க எண் புலச் சல்லடை என்ற இன்னும் வலிமையான முறையும் பல நூறு கணினிகளும் தேவைப்பட்டன. வளைவரை எண் ஏறிக்கொண்டே போனால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எளிதில் கிடைக்கும் காரணி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இடைமுகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான். தோற்றம் பழைய பாணி, பொத்தான்கள் குவிந்து கிடக்கும், முதல் முறை பார்ப்பவருக்கு எங்கே தொடுவது என்று தெரியாது. கைப்பேசியில் நீண்ட கணக்கை ஓட்டினால் சூடாகும், பேட்டரி வடியும். பின்னணியில் போன தாவலை உலாவி மெதுவாக்கும். மணிக்கணக்கில் ஓட வேண்டிய எண்ணை இங்கே தொடங்குவதே தவறு. இன்னொன்று, இலக்கங்களைத் தொகுதி தொகுதியாக இடைவெளி விட்டுக் காட்டுவது கண்ணுக்கு நல்லதுதான், ஆனால் நகலெடுக்கும்போது இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகுதியின் அளவை அமைப்பில் மாற்றலாம்.

பெரும்பாலான தவறுகள் கணிப்பானுக்கு வெளியேதான் நடக்கின்றன. எண்ணை எக்செல் வழியாகக் கொண்டுவருவது அதில் முதலிடம். எக்செல் கட்டத்தில் 15 முக்கிய இலக்கங்கள்தான் தங்கும், மீதியெல்லாம் பூஜ்யமாகும். 147573952589676412927 அங்கே போய் 147573952589676000000 ஆகத் திரும்பி வரும். அதைக் காரணிப்படுத்தினால் 2-இன் 8-ஆம் அடுக்கும் 5-இன் 6-ஆம் அடுக்கும் முன்னால் வந்து நிற்கும். ஒற்றைப்படை எண்ணுக்கு 2 காரணியாக வந்தால், அல்லது 2-உம் 5-உம் கொத்தாக வந்தால், கருவியைத் திட்டாமல் எண் வந்த வழியைப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன்பே கட்டத்தின் வடிவத்தை "உரை" என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காரணி எண்ணிக்கை என்று வரும்போது இன்னொரு குழப்பம். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில், தன்னைவிடச் சின்ன எண் எதற்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. அது 6746328388800-இல் முடிகிறது. இந்த எண் 2^6 × 3^4 × 5^2 × 7^2 × 11 × 13 × 17 × 19 × 23. இதற்கு எத்தனை காரணி? வெவ்வேறு பகா காரணிகளை எண்ணினால் 9. மறுமுறை வருவதையும் சேர்த்து எண்ணினால் 19. வகுத்திகளை எண்ணினால் 10080. மூன்றையும் ஏதாவது ஒரு கணிப்பான் "காரணிகள்" என்றே எழுதி வைத்திருக்கும். அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் (7 × 5 × 3 × 3 × 32) 10080 வருகிறதா என்று கையால் பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலில் ராமானுஜன் விட்டுவிட்ட எண் ஒன்றே ஒன்று: 293318625600. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுதான், வகுத்திகள் நேர்பாதி, 5040. ஆல்பெர்ட்ரானில் நம்டிவ்ஸ் என்ற சார்பு இதற்கென்றே இருக்கிறது. பி என்ற எழுத்துச் சார்பு எண் பிரிவினைகளை (ஓர் எண்ணை நேர்ம முழு எண்களின் கூடுதலாக எழுதும் வழிகள் எத்தனை என்பதை) சொல்லும். 200-க்கு 3972999029388 வர வேண்டும். 199-க்கு 3646072432125. 199-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 24, ஆகவே ராமானுஜனின் விதிப்படி விடை 25-ஆல் வகுபட வேண்டும். வகுபடுகிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேக்டர் கட்டளை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முனையத்தில் கட்டளையின் பெயர், ஓர் இடைவெளி, எண். அவ்வளவுதான். கோவை ஏற்காது, 2^67−1 என்று தட்டினால் இது சரியான எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக ஆயிரம் எண்களை வைத்துக் குழாய்க்குறி (|) வழியாக அனுப்ப இதைப்போல் வசதியானது வேறில்லை. ஆனால் பெரிய எண்களுக்கு இது ரோ முறையை நம்பியிருக்கிறது. இரண்டு காரணிகளுமே 20 இலக்கத்தைத் தாண்டினால் திண்டாடும், 50 இலக்க எண்ணில்கூட அசையாமல் நிற்கலாம். விசித்திரம் என்னவென்றால், பெரிய பகா எண்ணைக் கொடுத்தாலும் சில நேரம் நின்றுவிடும். காரணம், இது பகா எண் என்பதை லூக்கா முறையில் நிரூபித்த பிறகுதான் சொல்லும். அதற்கு எண்ணில் ஒன்று கழித்ததை முழுதாக உடைக்க வேண்டும். அது உடையாத கல்லாக இருந்தால் மாட்டிக்கொண்டது. கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்து வேறு கருவிக்குப் போங்கள்.

அந்த வேறு கருவி பாரி ஜிபி. 1985-இல் பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோயனும் கூட்டாளிகளும் தொடங்கியது, இப்போது கரீம் பெலாபாஸ் தலைமையில் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். விண்டோஸுக்கு நிறுவி கிடைக்கும். டெபியன், உபுண்டுவில் பாரி-ஜிபி என்ற பொதியைப் போட்டால் போதும். ஆண்ட்ராய்டுக்கு பாரிடிராய்டு. திறந்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும், பொத்தான் எதுவும் இல்லை. பெயரைச் சொல்லி எண்ணை அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். ஃபேக்டர் காரணிகளையும் அடுக்குகளையும் இரண்டு நிரல்களாகத் தரும். ஒமேகா, பிக்ஒமேகா, நம்டிவ் மூன்றும் மேலே சொன்ன 9, 19, 10080 குழப்பத்தைத் தனித்தனிப் பெயரால் தீர்த்துவைக்கின்றன. இரண்டு கேள்விக்குறிக்குப் பின் சார்பின் பெயரைத் தட்டினால் முழு விளக்கமும் திரையில். # தட்டினால் ஒவ்வொரு கணக்குக்கும் எடுத்த நேரம் தெரியும். ராமானுஜன் ஆராய்ந்த எண்வரிசையான டௌ சார்புக்குக்கூட ராமானுஜன்டௌ என்ற கட்டளை இருக்கிறது. 2 கொடுத்தால் −24.

பாரியில் அறியாமல் செய்யும் தவறுகள் சில. 10^20 என்று எழுதினால் முழு எண், ஈ எழுத்து போட்ட அறிவியல் குறியீட்டில் எழுதினால் தசம எண். பின்னதைப் பகா எண்ணா என்று கேட்டால் வகைப்பிழைதான் வரும். ஃபெர்மா சோதனையில் போல அடுக்கின் மீதி காண, அடுக்கை முழுதாகப் போட்டுவிட்டு % (மீதி காணும் குறி) போடுவது அடுத்த தவறு. 2-ஐ 147573952589676412926 முறை பெருக்கியதை எழுதி வைக்கவே 18 எக்ஸாபைட் நினைவகம் வேண்டும். மாட் என்ற சார்புக்குள் 2-ஐயும் எண்ணையும் வைத்து, அதற்கு அடுக்கு போட்டால் நொடியில் முடியும். "ஸ்டாக் ஓவர்ஃப்ளோ" என்று திரும்பத் திரும்ப வந்தால் கருவி பழுதல்ல, தொடக்கத்தில் ஒதுக்கிய இடம் போதவில்லை. டிஃபால்ட் கட்டளையில் பாரிசைஸ்மேக்ஸ் என்பதை ஒரு ஜிகாபைட்டாக உயர்த்திவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாரியின் ஃபேக்டர் தரும் பெரிய காரணிகள், இயல்பு அமைப்பில், நிரூபிக்கப்பட்ட பகா எண்கள் அல்ல. பெய்லி, பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் பெயரால் வழங்கும் கூட்டுச் சோதனையில் தேறியவை. 2^64 வரை இந்தச் சோதனை ஒருமுறைகூடத் தவறாது என்பது சரிபார்க்கப்பட்டுவிட்டது. அதற்கு மேலும் இதுவரை ஒரு போலி சிக்கவில்லை. ஆகவே வீட்டுப்பாடத்துக்கும் ஆர்வத்துக்கும் தாராளமாகப் போதும். ஆய்வுக்கட்டுரையில் "பகா எண்" என்று எழுதப்போகிறீர்கள் என்றால் ஈஸ்பிரைம் ஓட்டுங்கள், அது நிரூபணம். அல்லது ஃபேக்டர்_புரூவன் என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். நெக்ஸ்ட்பிரைம் தருவதும் சோதனையில் தேறிய எண்தான். கொடுத்த எண்ணே பகா எண்ணாக இருந்தால் அதையே திருப்பித் தரும், "அடுத்தது" வேண்டுமானால் ஒன்று கூட்டிக் கொடுக்க வேண்டும்.

எதை எடுப்பது? வாரத்துக்கு நாலு எண் பார்ப்பவருக்கும் பள்ளி, கல்லூரி மாணவருக்கும் ஆல்பெர்ட்ரான். எண்ணைப் பற்றிய விவரம் முழுவதும் ஒரே பக்கத்தில் வருகிற சௌகரியம் மற்ற இரண்டிலும் இல்லை. சின்ன எண்கள் மூட்டை மூட்டையாக இருந்தால் லினக்ஸ் ஃபேக்டர். நிரூபணமோ, எண்களின் மேல் சொந்தமாக நிரல் எழுதுவதோ தேவையென்றால் பாரி. அதைப் பழக ஒரு வாரம் ஆகும், அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் அதிகம் திறக்க மாட்டீர்கள்.

வங்கித் தளத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை (இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன்; அதன் காரணி தெரிந்தால் பூட்டு திறந்துவிடும்) இவற்றில் போட்டால் உடையுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. அது 617 இலக்கம். உடைத்துப் பாருங்கள் என்று சவாலாக வெளியிட்ட ஆர்எஸ்ஏ எண்களின் பட்டியலிலிருந்து இதுவரை வெளிப்படையாக உடைக்கப்பட்டதில் பெரியது 250 இலக்கம், 2020 பிப்ரவரியில். அதற்கு ஒற்றைக் கோர் கணக்கில் ஏறத்தாழ 2700 ஆண்டு உழைப்பு செலவானது. ஆல்பெர்ட்ரானில் போட்டால் வளைவரை எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.